படகு நேரமும் சி.ஆர்.பி நேரமும்

நகரத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் முதல் கேள்வி, "என்ன காய்ச்சல்?" நெடுந்தீவில் அதே காய்ச்சலுக்கு முதல் கேள்வி வேறு: "இண்டைக்கே கடல் கடக்கவேணுமோ, விடியுமட்டும் வைச்சிருக்கலாமோ?" நோயின் பெயர் பிறகு வரட்டும். சோழகம் வீசுகிற மாதங்களில் குறிகட்டுவான் துறைக்கும் நெடுந்தீவுக்கும் இடையில் ஒரு மணித்தியாலமாய்ப் படகு ஆடுகிற ஆட்டத்தை அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் விளங்கும். நல்ல உடம்போடு போகிறவனே சத்தி எடுப்பான். அனல் பறக்கிற காய்ச்சலோடு ஒரு ஆச்சியை அதில் ஏற்றுவது லேசான முடிவு இல்லை. ஏற்றாமல் விடுவதும் லேசான முடிவு இல்லை.

இந்த முடிவுக்கு ஒரு ஊன்றுகோலாய் இப்போது எல்லாரும் கேட்கிற பரிசோதனை சி.ஆர்.பி. நான் நயினாதீவுப் பிள்ளை. வேலை யாழ்ப்பாணத்தில், ஆய்வுகூடத்தில். அதனால் எங்கள் பக்கத்துச் சனம் ரிப்போர்ட்டைக் கையில் எடுத்ததும் படம் பிடித்து எனக்குத்தான் அனுப்பும். கூடவே வருகிற வசனமும் அநேகமாய் ஒன்றுதான்: "பிள்ளை, கிருமி எவ்வளவு இருக்கெண்டு பார்." கிருமியை எண்ணுகிற பரிசோதனை இது இல்லை என்று சொன்னால், "அப்ப ஏன் இதை எடுத்தவை?" என்பார்கள். நியாயமான கேள்வி. அதற்கு வைபரில் பதில் எழுத இடம் காணாது. ஆனபடியால் இந்தப் பதிவு.

சி.ஆர்.பி என்பது எங்கள் ஈரல் செய்கிற ஒரு புரதம். உடம்பில் எங்கேயாவது அழற்சி தொடங்கினால், அந்த இடத்துக் கலங்கள் இன்ரர்லூக்கின்-6 என்ற சமிக்ஞைப் பொருளை இரத்தத்தில் விடும். அது ஈரலுக்குப் போய்ச் சேர, ஈரல் சி.ஆர்.பியைச் செய்து கொட்டத் தொடங்கும். நல்ல சுகமாய் இருக்கிறவரின் இரத்தத்தில் லீற்றருக்கு 5 மில்லிகிராமுக்குள் இருப்பது, கடுமையான பக்டீரியாத் தொற்றில் 200, 300 என்று ஏறிவிடும். ஆனால் ஈரலுக்கு வந்த சமிக்ஞை நியூமோனியாவில் இருந்து வந்ததா, முடக்குவாதத்தில் இருந்து வந்ததா, விழுந்து தொடை எலும்பு முறிந்ததில் வந்ததா என்று ஈரலுக்குத் தெரியாது. ஒபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் எல்லாருக்கும் சி.ஆர்.பி கூடத்தான் இருக்கும், ஒரு கிருமியும் இல்லாமலே.

இது எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது என்பதைக் கொஞ்சம் ஆறுதலாய்ச் சொல்லவேண்டும். நான் சொல்ல வருகிற விஷயம் அங்கேதான் இருக்கிறது. 1930. நியூயோர்க்கில் றொக்ஃபெல்லர் நிறுவனம். அன்ரிபயோட்டிக் இல்லாத காலம். ஒஸ்வால்ட் ஏவரியின் ஆய்வுகூடத்தில் வில்லியம் ரிலெற், தோமஸ் பிரான்சிஸ் என்ற இரண்டு பேர், நியூமோனியா நோயாளிகளின் சீரத்தை எடுத்து நியூமோகொக்கஸ் கிருமியிலிருந்து பிரித்த சர்க்கரைப் பொருள்களோடு கலந்து பார்த்தார்கள். அதில் சி என்று குறியிட்ட பகுதியோடு கலக்கும்போது சீரம் கலங்கி அடியில் படிந்தது. அந்தக் காலத்து நியூமோனியாவுக்கு ஒரு போக்கு இருந்தது. ஒரு கிழமை அளவில் காய்ச்சல் உச்சத்துக்குப் போகும். பிழைக்கிறவருக்கு ஒரே நாளில் வியர்த்துக் கொட்டிக் காய்ச்சல் விழும். அப்படி விழுந்த பிறகு அதே ஆளின் சீரத்தை எடுத்துக் கலந்தால் படிவு இல்லை! நோய் எதிர்ப்புப் பொருள் என்றால் சுகமான பிறகுதான் கூடவேண்டும். இது சுகமானதும் மறைந்துபோனது. இன்றைக்கு அடித்துத் தருகிற ஒற்றை எண்ணாய் இது அன்றைக்குத் தெரியவரவில்லை. வந்து போகிற ஒன்றாய், நாளோடு சேர்த்துத்தான் தெரியவந்தது.

அந்த நாள்கணக்கு இதுதான். அழற்சி தொடங்கி ஆறு மணித்தியாலம் அளவில்தான் சி.ஆர்.பி இரத்தத்தில் ஏறத் தொடங்கும். உச்சத்துக்குப் போக இரண்டு நாள் அளவில் செல்லும். காரணம் அடங்கி ஈரல் செய்வதை நிறுத்தினால், இரத்தத்தில் இருப்பது 19 மணித்தியாலத்துக்கு ஒருமுறை பாதியாகும். இந்த 19 மணித்தியாலம் அநேகமாய் எல்லாருக்கும் ஒன்றுதான். அதனால் இன்று காலை 160 இருந்தவருக்கு, மருந்து முழுதாய் வேலை செய்தாலும், நாளைக் காலை 65க்குக் கீழே எதிர்பார்க்கக்கூடாது. "இவ்வளவு ஊசி போட்டும் இன்னும் 90 இருக்கே" என்று அந்தரப்படுகிறவர்களுக்கு இதைச் சொல்வேன். மருந்து தோற்கவில்லை, கணக்கு அப்படி.

இனி இதைத் தீவுக்குக் கொண்டுவாருங்கள். பின்னேரம் ஆறு மணிக்குப் பெரியம்மாவுக்கு நடுக்கத்தோடு காய்ச்சல் தொடங்குகிறது. ஏழு மணிக்கு யாரோ ஒருவர் இரத்தம் எடுத்தால் சி.ஆர்.பி 4. எல்லாருக்கும் நிம்மதி. விடியக் காலை முதல் படகு வெளிக்கிடுகிற நேரம் அதே பெரியம்மாவுக்கு 80 இருக்கலாம், நாளை மறுநாள் 220 இருக்கலாம். அந்த 4 பொய் இல்லை. ஈரலுக்கு இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். முதல் நாள் சி.ஆர்.பி குறைவு என்பதை வைத்து ஒருவரை வீட்டில் வைத்திருக்க முடிவெடுப்பது, தரையில் இருக்கிறவருக்குச் சின்னப் பிழை. ஓட்டோ பிடித்துத் திரும்பி வரலாம். நெடுந்தீவிலோ எழுவைதீவிலோ இருக்கிறவருக்கு அது அடுத்த படகு வரைக்குமான பிழை. இரவில் நிலைமை மோசமானால் கடற்படைப் படகைக் கேட்டு, குறிகட்டுவானில் அம்புலன்ஸைக் காத்திருக்கச் சொல்லி, அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை, பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும்.

எண்ணைப் பற்றி இன்னும் கொஞ்சம். ஏனென்றால் ரிப்போர்ட்டில் அச்சடித்து வருகிற எண்கள் எல்லாம் ஒரே சாதி இல்லை.

சின்ன ஆய்வுகூடங்களில் பல காலமாய்ச் செய்வது லேற்றெக்ஸ் முறை. கறுப்புப் பின்னணி உள்ள ஒரு சிலைட். அதில் ஒரு துளி சீரம், பக்கத்தில் பால் மாதிரி வெள்ளையாய் ஒரு துளி லேற்றெக்ஸ். அந்த நுண்மணிகளின் மேல் சி.ஆர்.பியைப் பிடிக்கிற எதிர்ப்பொருள் பூசப்பட்டிருக்கும். ஒரு குச்சியால் கலந்து, வட்டமாய்ப் பரப்பி, சிலைட்டைக் கையில் பிடித்து மெதுவாய்ச் சாய்த்துச் சாய்த்துச் சுழற்றவேண்டும். இரண்டு நிமிஷம். சி.ஆர்.பி இருந்தால் வெள்ளை மணல்போல் திரண்டுகொண்டு வரும், இடையில் கறுப்புத் தெரியும். இல்லாவிட்டால் பால் பாலாகவே கிடக்கும். இரண்டு நிமிஷத்துக்கு மேல் வைத்துப் பார்த்தால் காய்ந்துபோய் இல்லாத திரளும் இருக்கிறமாதிரித் தெரியும். வெளிச்சம், கண், கைப்பழக்கம் எல்லாம் சேர்ந்ததுதான் அந்த விடை. பொதுவாய் 6 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் திரளும். அளவு சொல்லவேண்டுமென்றால் சீரத்தைப் பாதி பாதியாய் நீர்த்துக்கொண்டு போய், எந்தப் படியில் திரள்வது நிற்கிறது என்று பார்ப்போம். ஆகவே இந்த முறையில் வருகிற எண்கள் 6, 12, 24, 48, 96 என்றுதான் இருக்கும். இடையில் எதுவும் கிடையாது. "நேற்று 48, இண்டைக்கு 24, பாதியாக் குறைஞ்சிட்டுது" என்று சந்தோஷப்படுகிறவருக்கு நான் சந்தோஷத்தைக் கெடுப்பதில்லை. ஆனால் அது ஒரு படி வித்தியாசம், பார்த்த கண்ணைப் பொறுத்தும் அந்த ஒரு படி மாறலாம்.

இதைவிட மோசமான ஒரு பொறி இருக்கிறது. சி.ஆர்.பி அளவுகடந்து கூடினால், ஒவ்வொரு நுண்மணியையும் சி.ஆர்.பி முழுதாய் மூடிவிடும். ஒன்றோடொன்று கொழுவ இடமில்லாமல் மணிகள் தனித்தனியாய் நிற்கும். சிலைட்டில் பால் பாலாகவே கிடக்கும். விடை: நெகற்றிவ்! நோயாளிக்குத் தூக்கித் தூக்கிப் போடுகிறது, ரிப்போர்ட் இல்லை என்கிறது. அனுபவம் உள்ளவர்கள் நோயாளியின் கோலத்தைக் கேட்டுவிட்டு, சீரத்தைப் பத்து மடங்கு நீர்த்து இன்னொருமுறை செய்வார்கள். இயந்திரத்தில் செய்கிற கலங்கல் அளவீட்டில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. அதனால் ரிப்போர்ட்டில் எந்த முறை என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது அலகு. புங்குடுதீவில் ஆச்சிக்குக் காய்ச்சல் என்றால் ரொறன்ரோவில் போன் அடிக்கும், சூரிச்சில் அடிக்கும், பாரிஸ் லா சப்பலில் அடிக்கும். எங்கள் தீவுகளில் இருப்பவர்களைவிட வெளியில் இருக்கிறவர்கள் கூட, அக்கறையும் கூட. அதில் ஒருவருக்கு நேர்ஸ் படித்த மருமகள் இருப்பாள், ஒருவர் கூகிளில் தேடுவார். இங்கே நாங்கள் லீற்றருக்கு மில்லிகிராம் கணக்கில் சொல்கிறோம். சில நாடுகளில், சென்னையின் சில ஆய்வுகூடங்களிலும், டெசிலீற்றருக்குச் சொல்வார்கள். அங்கே 6 என்பது இங்கே 60. இங்கத்தைய 60ஐ அந்தக் கணக்கில் வாசித்தால் 600, ஆள் முடிந்தார் என்று அங்கே ஒருவர் அழத் தொடங்குவார். மறுபக்கம், சென்னையில் எடுத்த 6ஐ இங்கே "ஒண்டுமில்லை" என்று மடித்து வைப்பார்கள். எண்ணை மட்டும் போனில் சொல்லாதீர்கள். அலகோடு சொல்லுங்கள், படம் எடுத்தால் முழுக் கடதாசியும் தெரிய எடுங்கள்.

சி.ஆர்.பிக்கு முந்தின பெரியவர் ஈ.எஸ்.ஆர். எங்கள் அப்பு, ஆச்சி காலத்து ஆட்களுக்கு இதுதான் பழக்கம். கண்ணாடிக் குழாயில் இரத்தத்தை நிமிர்த்தி வைத்து, ஒரு மணித்தியாலத்தில் செங்கலங்கள் எத்தனை மில்லிமீற்றர் கீழே இறங்குகின்றன என்று பார்ப்பது. அழற்சியில் பைபிரினோஜன் என்ற புரதம் கூட, செங்கலங்கள் காசு அடுக்கினமாதிரி ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக் கெதியாய் இறங்கும். 1918இல் சுவீடனில் ராபர்ட் ஃபாரியஸ் இதைக் கர்ப்பத்தைக் கண்டுபிடிக்கிற பரிசோதனையாக்கலாம் என்று எண்ணினார். 1921இல் அல்ஃப் வெஸ்ரகிரன் அதைக் கசநோய்ப் பக்கம் கொண்டுபோனார், இன்றைக்கும் அவருடைய பெயரில்தான் அந்தக் குழாய் நிற்கிறது. இரத்தச்சோகை இருந்தாலும் ஈ.எஸ்.ஆர் கூடும், வயது போனாலும் கூடும். பெண்களுக்கு வயதோடு பத்தைக் கூட்டிப் பாதியாக்கினால் வருவது மேல் எல்லை என்று ஒரு பழைய கணக்கு உண்டு. எண்பது வயது ஆச்சிக்கு 45 வரை போகட்டும் என்று விடலாம். அதைப் பார்த்துப் பிள்ளைகள் பதறத் தேவையில்லை.

தீவைப் பொறுத்தவரை ஈ.எஸ்.ஆரின் பெரிய குறை வேறு. அது படகு ஏறாது. இரத்தம் எடுத்து நாலு மணித்தியாலத்துக்குள் குழாயை நிமிர்த்திவிடவேண்டும். குளிரில் வைத்தால் கொஞ்சம் நீட்டலாம். அந்த ஒரு மணித்தியாலமும் குழாய் ஆடாமல், சரியாமல் நிற்கவேண்டும். சி.ஆர்.பி அப்படி இல்லை. இரத்தம் உறைந்த பிறகு சீரத்தைப் பிரித்து ரியூபில் எடுத்துக் குளிரில் வைத்துவிட்டால் பல நாள் அசையாமல் கிடக்கும். அனுப்புகிறவர்களுக்கு ஒரு சின்னப் புத்தி: குளிர்ப்பெட்டிக்குள் ஐஸ்பக் நேரே ரியூபில் முட்டக்கூடாது, இடையில் ஒரு துணி வையுங்கள். பிரிக்காத இரத்தம் உறைகுளிரில் பட்டால் செங்கலங்கள் உடைந்து சீரம் சிவந்துவிடும். பிறகு அதில் பொட்டாசியம் பார்ப்பதெல்லாம் வீண்.

இப்படிப் பார்த்தால், எந்த உடல் திரவம் கடல் கடக்கும், எது கடக்காது என்று ஒரு தனிக் கணக்கே இருக்கிறது. மூளைக்காய்ச்சல் என்று சந்தேகித்து முள்ளந்தண்டில் இருந்து எடுக்கிற நீர் கொஞ்சமும் பொறுக்காது. அதிலுள்ள நியூற்றோபில் என்ற வெண்கலங்கள் சாதாரண வெப்பத்தில் ஒரு மணித்தியாலத்தில் மூன்றில் ஒரு பங்கு அழிந்துவிடும், இரண்டு மணித்தியாலத்தில் பாதி. எங்கள் படகு நேரத்துக்கு அது சரிவராது. அங்கே போத்தலை ஏற்றுவதில் பிரயோசனம் இல்லை, ஆளைத்தான் ஏற்றவேண்டும். மாறாக மலத்தில் பார்க்கிற கல்புரொரெக்ரின் என்ற புரதம் கல்லுமாதிரி. குடலில் அழற்சி இருந்தால் வெண்கலங்களிலிருந்து அது மலத்துக்கு வரும். சாதாரண வெப்பத்தில் இரண்டு மூன்று நாள் கெடாது. நோர்வேக்காரர்கள் 1990களின் தொடக்கத்தில் அதை மலப் பரிசோதனையாக்கினார்கள். மாதக்கணக்காய் வயிற்றோட்டம், வயிற்று நோ என்று அலைகிறவருக்குக் குடலுக்குள் கமரா விடத்தான் வேண்டுமா என்று முடிவெடுக்க உதவும். விலை கூடத்தான். ஆனால் குடல் கமராவுக்காகக் கொழும்புக்குப் போய் நிற்கிற செலவோடு ஒப்பிட்டால்? போத்தலை மட்டும் அனுப்பலாம், ஆள் வீட்டில் நிற்கலாம். படகில் பக்கத்தில் இருக்கிறவர் பையில் என்ன என்று கேட்டால் மட்டும் உண்மை சொல்லாதீர்கள்.

எல்லாவற்றிலும் மலிவு, எனக்குப் பிடித்ததும் அதுதான், சலப் பட்டி. சலத்தில் தோய்த்து இரண்டு நிமிஷத்தில் நிறம் பார்க்கிற அந்தக் கடதாசிப் பட்டியில் ஒரு சதுரம் வெண்கல நொதியத்துக்கு உரியது. ஊதாவாய் மாறினால் வெண்கலங்கள் வந்து குவிந்து உடைந்திருக்கின்றன என்று பொருள். இதுவும் அழற்சிப் புரதத்தை அளப்பதுதான், பெயர் மட்டும் எளிமையாய் இருக்கிறது. காய்ச்சலோடு வருகிற வயதான பெண்களில், நீரிழிவுக்காரரில், சலத் தொற்று எவ்வளவு தூரம் ஒளிந்திருக்கும் என்பது இந்தத் துறையில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். மின்சாரம் வேண்டாம், குளிர்சாதனம் வேண்டாம், மூடியை இறுக்கி மூடி வைத்தால் போதும். உப்புக்காற்றில் மூடி திறந்து கிடந்தால் பட்டி தானாகவே நிறம் மாறிவிடும், அது ஒன்றுதான் கவனிக்கவேண்டியது. மாற்று மூட்டு வைத்த முழங்காலில் தொற்று இருக்கிறதா என்று பார்க்க எலும்பு மருத்துவர்கள் இதே பட்டியை மூட்டுத் திரவத்தில் தோய்த்துப் பார்த்து 2011இல் எழுதினார்கள். நெஞ்சறையில் தண்ணி கட்டியவருக்குக் கசநோயா என்று அறிய அந்தத் தண்ணியில் ஏ.டி.ஏ என்ற நொதியத்தை அளப்பதும் இந்த வரிசையில் வரும். அதைப் பற்றி வேறொரு நாள் எழுதவேண்டும்.

சரி, காய்ச்சலுக்கு வருவோம். இங்கே ஒரு எச்சரிக்கை இருக்கிறது. இந்தப் பதிவில் ஒரு பந்தியை மட்டும்தான் வாசிப்பேன் என்றால் இதை வாசியுங்கள்.

டெங்கு. வாடைக்காற்று மழையோடு, மார்கழி தை மாதங்களில் எங்கள் குடாநாட்டில் டெங்கு தலைகாட்டும். 2017இல் இலங்கை முழுவதும் 186,101 பேருக்கு டெங்கு என்று பதிவானது, மறந்திருக்கமாட்டீர்கள். டெங்கில் சி.ஆர்.பி பெரும்பாலும் பெரிதாய் ஏறாது. 8, 15, 20 என்று நிற்கும். "சி.ஆர்.பி நோர்மல், பயப்பிட ஒண்டுமில்லை" என்று வீட்டில் வைத்திருப்பார்கள். டெங்கில் ஆபத்து வருகிற நேரமோ காய்ச்சல் விடுகிற நேரம். மூன்றாம் நாளுக்குப் பிறகு காய்ச்சல் இறங்கும்போது இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கலாம். அந்தக் கசிவு ஒரு நாள் இரண்டு நாள் நிற்கும், அதற்குள்தான் ஆளைக் கொண்டுபோகிறது. அதைக் காட்டுவது எப்.பி.சி என்ற முழுக் குருதி எண்ணிக்கை: குருதிச் சிறுதட்டு இறங்குகிறதா, பி.சி.வி (இரத்தத்தில் செங்கலங்களின் பங்கு) ஏறுகிறதா. மூன்றாம் நாள் எப்.பி.சி செய்யவேண்டும், பிறகு நாளுக்கு நாள் பார்க்கவேண்டும். சிறுதட்டு ஒரு லட்சத்துக்குக் கீழே போனால் ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் பார்க்கவேண்டும். தீவில் இருக்கிறவர்கள் இந்த ஒரு லட்சத்துக்குக் காத்திருக்கவும் கூடாது. இறங்குமுகம் தெரிந்ததும், கடல் அமைதியாய் இருக்கிற பகல் நேரத்தில் கரைக்கு வந்துவிடவேண்டும். காய்ச்சலுக்கு பனடோல் மட்டும். டைக்ளோபெனாக், ஐபுபுரூபன், அஸ்பிரின் வேண்டாம். சி.ஆர்.பி குறைவு என்பது டெங்கு இல்லை என்பதற்குச் சாட்சி இல்லை. டெங்காய் இருக்கலாம் என்பதற்கு வேண்டுமானால் ஒரு சாடை.

மறுபக்கம், சி.ஆர்.பி கூடினதும் "அன்ரிபயோட்டிக் போட்டால் சரி" என்று நினைப்பதும் எங்கள் மண்ணில் எடுபடாது. 2014இல் யாழ்ப்பாணத்து மருத்துவர்களும் மருத்துவ பீடத்தாரும் வடக்கில் ஸ்க்ரப் டைபஸ் தலைதூக்குவதைப் பற்றி எழுதினார்கள். பற்றையில், புல்லில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத உண்ணிக்குஞ்சு கடித்து வருகிற காய்ச்சல். சி.ஆர்.பி நன்றாய் ஏறும். மருந்துக்கடையில் வாங்குகிற அமொக்சிலின் அதற்கு ஒன்றும் செய்யாது. டொக்சிசைக்கிளின் தொடங்கினால் ஒன்று இரண்டு நாளில் காய்ச்சல் விட்டுவிடும். இங்கே நோயின் பெயரைச் சொல்வது இரத்தம் இல்லை, தோல். பலருக்குக் கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டமாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும், நோகாது, கடிக்காது. கமக்கட்டில், கவட்டில், மார்புக்குக் கீழே, இடுப்புப் பட்டிக்கு அடியில் என்று உடுப்பு மறைக்கிற இடத்தில்தான் அநேகமாய் இருக்கும். எங்கள் மாமிமார் இதைத் தாங்களாய்க் காட்டமாட்டினம். கேட்டாலும் "அது ஒண்டுமில்லை, நுளம்பு கடிச்சது" என்பினம். அதனால் காய்ச்சலோடு இருக்கிற பெரியவர்களைக் குளிப்பாட்டுகிற, உடுப்பு மாற்றுகிற மகளோ மருமகளோ ஒருக்கால் வடிவாய்ப் பார்த்துவிட்டு மருத்துவருக்குச் சொன்னால், எந்த இயந்திரமும் சொல்லாததைச் சொன்னதாகும்.

2024 மார்கழியில் வெள்ளத்துக்குப் பிறகு வடமராட்சிப் பக்கம் பரவி உயிர்களைக் கொண்டுபோன எலிக்காய்ச்சலையும் இந்த இடத்தில் நினைக்கவேண்டும். ஆரம்பத்தில் "மர்மக் காய்ச்சல்" என்று பேப்பர்களில் வந்தது. அதிலும் சி.ஆர்.பி கூடும். ஆனால் ஆளைக் காப்பாற்றுவது சி.ஆர்.பி இல்லை, "வயலுக்க இறங்கினனியளோ, வெள்ளத்துக்க நிண்டனியளோ?" என்ற கேள்வி. சலம் குறைகிறதா, கண் சிவந்திருக்கிறதா, கெண்டைக்கால் நோகுதா என்ற கேள்விகள்.

இவ்வளவு குறை சொன்ன பிறகும், தீவு ஆஸ்பத்திரிகளில் விரல் நுனியில் குத்தி ஒரு துளி இரத்தத்தில் சி.ஆர்.பி பார்க்கிற சின்ன இயந்திரம் இருக்கவேண்டும் என்பவன்தான் நான். ஒரு மேசை மூலையில் அடங்கும், சில நிமிஷத்தில் எண் தரும். வியட்நாமின் வடக்கில் பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில், இருமல் காய்ச்சல் என்று வந்த இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் இதைப் பரீட்சித்து 2016இல் எழுதினார்கள். வழமையான முறையில் பார்த்தவர்களில் நூற்றுக்கு 78 பேர் இரண்டு கிழமைக்குள் அன்ரிபயோட்டிக் எடுத்திருந்தார்கள். சி.ஆர்.பி பார்த்தவர்களில் 64. பெரிய அதிசயம் இல்லை, ஆனால் மருந்து வேண்டாம் என்று சொல்லத் தயங்குகிற இடத்தில் ஒரு எண் கையில் இருப்பது மருத்துவருக்கு உதவியிருக்கிறது. எங்கள் ஊர் மருத்துவருக்கும் உதவும். "ஊசி ஒண்டு போடாமல் அனுப்பிட்டார்" என்ற முறைப்பாடு இங்கே எவ்வளவு சத்தமாய் எழும் என்று எல்லாருக்கும் தெரியும்.

தீவுக்கு அதன் பிரயோசனம் இரண்டாவது எண்ணில் இருக்கிறது. இயந்திரம் கிட்ட இருந்தால்தான் இன்று பின்னேரமும் நாளைக் காலையும் பார்க்கலாம். முதல் எண் 30, பன்னிரண்டு மணித்தியாலத்தில் 110 என்றால், என்ன நோய் என்று தெரியாமலே ஆளைப் படகில் ஏற்றலாம். முதல் எண் 60, மறுநாள் 55, ஆள் கஞ்சி குடித்து எழும்பி இருந்து கதைக்கிறார் என்றால், சோழகம் கொஞ்சம் தணியும்வரை பொறுக்கலாம். யாழ்ப்பாணத்துக்கு அனுப்பி எடுக்கிற ஒற்றை எண்ணால் இந்த வேலையைச் செய்ய முடியாது. கரையில் நிற்கிற மருத்துவருக்கும் போனில் ஒரு எண்ணைவிட இரண்டு எண்ணும் இடையில் எத்தனை மணித்தியாலம் என்பதும் ஆயிரம் மடங்கு பெறுமதி. மூச்சு வேகம், இரத்த அழுத்தம், ஆள் தெளிவாய்க் கதைக்கிறாரா என்பது எல்லாம் இதற்கு முன்னுக்கு. மூச்சு வாங்குகிற, சொல் குழறுகிற ஒருவருக்கு சி.ஆர்.பி எடுக்க நின்று மினக்கெடக்கூடாது. அவரை ஏற்றவேண்டியதுதான். ஈரல் பழுதாகியவர்களிலும் இந்த எண்ணை நம்பாதீர்கள். செய்யவேண்டிய ஈரலே களைத்திருந்தால், தொற்று உச்சத்தில் நிற்கும்போதும் சி.ஆர்.பி ஏறாது.

அந்த இயந்திரம் வரும்வரைக்கும், இரத்தத்தைக் கட்டி அனுப்புகிறவர்களிடமும் ரிப்போர்ட்டைப் படம் பிடித்து அனுப்புகிறவர்களிடமும் நான் கேட்பது இது. காய்ச்சல் தொடங்கின நாள், மணி. இரத்தம் எடுத்த நாள், மணி. அன்ரிபயோட்டிக் தொடங்கியாச்சோ, எப்போது. ஸ்ரீரொயிட் மாத்திரை ஏதும் குடிக்கிறாரோ, ஏனென்றால் அது எண்ணைக் கீழே இழுக்கும். பனடோல் குடித்ததைப் பற்றிக் கவலை வேண்டாம், அது காய்ச்சலை இறக்குமே தவிர சி.ஆர்.பியை இறக்காது. அனுப்புகிற துண்டில் இரத்தம் எடுத்த நேரத்துக்குக் கட்டம் இருக்கும், காய்ச்சல் தொடங்கின நேரத்துக்குக் கட்டம் இருக்காது. வலப்பக்க மேல் மூலையில், பெயருக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது. அங்கே எழுதிவிடுங்கள், குமிழ்ப் பேனையால். மைப்பேனையில் எழுதினால் கடல் தண்ணி பட்டுக் கரைந்துவிடும்.